பேஸ் கிட்டாருக்குப் பூட்டு தேவையா? தகடூர் விறலி முதல் திருவிழா மேடை வரை

பி.காம் படிக்கிறவனுக்கும் பேஸ் கிட்டாருக்கும் என்ன சம்பந்தம் என்று தலைப்பைப் பார்த்ததுமே கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. என் பெரியப்பா மகன் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிக்கிறார். நான்கு வருடமாக அந்தக் குழுவின் வரவு செலவு நோட்டு என்னிடம்தான். அந்த நோட்டில் ஒரு பக்கத்தில் "பேஸ் கிட்டார் நஷ்டஈடு, ரூ. 18,000, ஆறு தவணை" என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியிலிருந்து பிறந்தது.

நடந்தது இதுதான். ஆடி மாதம், பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்தில் மாரியம்மன் திருவிழா. அண்ணனின் கிட்டார் ரிப்பேருக்குப் போயிருந்ததால் வேறொரு குழுக்காரரிடம் இரவல் வாங்கி வந்திருந்தார். இரண்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்தே வாசித்தார். நடுவில் ஊர்ப் பெரியவர்கள் பொன்னாடை போர்த்த மேடை ஏறினார்கள். அண்ணன் எழுந்தார். கழுத்தில் சால்வை விழுந்தது. மரியாதையாக இரண்டு கைகளையும் எடுத்துக் கும்பிட்டார்.

அவ்வளவுதான். உட்கார்ந்திருந்த நேரத்தில் வார் தளர்ந்து, பின்பக்கத்துப் பொத்தானிலிருந்து எப்போதோ கழன்றுவிட்டிருக்கிறது. அது யாருக்கும் தெரியாது. கை விட்டதும் கிட்டார் சரிந்து, வார் தோளைவிட்டு உருவிக்கொண்டு போய், ஸ்பீக்கர் பெட்டியின் மூலையில் தலைப்பகுதி மோதியது. கழுத்தில் விரிசல். கூட்டத்தில் சிலர் கைதட்டினார்கள், ஏதோ ஸ்டைல் என்று நினைத்து. அண்ணன் கும்பிட்ட கையை இறக்கவேயில்லை.

அதற்குப் பிறகு குழுவுக்குள் பெரிய விவாதம். "ஸ்ட்ராப் லாக் போட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காது" என்றார் கீபோர்டு வாசிப்பவர். "அதெல்லாம் வெளிநாட்டில் குதித்துக் குதித்து வாசிக்கிறவனுக்கு, நமக்கெதுக்கு?" என்றார் டிரம்ஸ் வாசிப்பவர். எனக்கு இரண்டு பக்கமும் சரி போலத்தான் பட்டது. சரி, மனிதர்கள் வாத்தியத்தை உடம்பில் எப்படி மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாமே என்று நூலகத்தில் உட்கார்ந்தேன்.

தகடூர்ச் சாலையில் ஒரு பெண்

ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை, நம் ஊரிலேயே தொடங்கலாம். தர்மபுரியின் பழைய பெயர் தகடூர். சங்க காலத்தில் இங்கே ஆண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி. அவனுக்கும் ஔவையாருக்கும் இருந்த நட்பு எல்லோருக்கும் தெரியும். நெல்லிக்கனிக் கதையைச் சின்ன வகுப்பிலேயே படித்திருப்போம்.

ஆனால் புறநானூற்றில் 103ஆம் பாட்டு பலருக்கு நினைவில் இருக்காது. அஞ்சியைப் பற்றி ஔவையார் பாடியதுதான். அதில் ஒரு விறலி வருகிறாள். விறலி என்றால் ஆடிப் பாடிப் பிழைக்கும் கலைஞர் குலப் பெண். வறண்ட காட்டு வழியில் உட்கார்ந்திருக்கிறாள். சோறு இல்லாமல் கவிழ்த்து வைத்த பாத்திரத்தை யார் நிமிர்த்துவார்கள் என்பது அவள் கவலை. அவளுடைய சுமையை ஔவையார் விவரிக்கிறார்: ஒரு பக்கம் பதலை என்ற முழவு தொங்குகிறது, இன்னொரு பக்கம் உள்ளே துளையுள்ள சிறு முழவு தொங்குகிறது. அஞ்சி தொலைவில் இல்லை, போனால் கொடுப்பான் என்று அவளுக்கு வழி சொல்வதுதான் பாட்டு.

பாட்டின் நோக்கம் அஞ்சியின் கொடை. எனக்குக் கண்ணில் பட்டது அந்தப் பெண் சுமையைத் தூக்கிய விதம். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. காவடி போல எடையைச் சரிசமமாகப் பிரித்துத் தொங்கவிட்டிருக்கிறாள். மலைபடுகடாம் என்ற பத்துப்பாட்டு நூலிலும் கூத்தர்கள் முழவு, ஆகுளி, கொம்பு என்று பல வாத்தியங்களைப் பையில் கட்டிக் காவிக்கொண்டு மலை ஏறுகிறார்கள். அந்த வாத்தியப் பைக்கு அன்றைய பெயர் கலப்பை. உழுகிற கலப்பை வேறு, இது கலங்களை வைக்கும் பை.

அவர்களுக்கு வாத்தியம்தான் சோறு. முழவு வழியில் விழுந்து தோல் கிழிந்தால், அரசன் வாசல் வரை போயும் பயனில்லை. அதனால் கட்டுவது, தொங்கவிடுவது, சமன் செய்வது எல்லாம் அவர்கள் தொழிலில் ஒரு பகுதி. இது நான் கவனித்த முதல் விஷயம்.

நடந்துகொண்டே வாசிப்பவர்கள்

விறலி தூக்கிக்கொண்டு நடந்தாள், நின்ற பிறகுதான் வாசித்திருப்பாள். நடந்துகொண்டே வாசிக்க வேண்டியவர்களுக்குச் சிக்கல் இன்னும் அதிகம். இரண்டு கையும் வாசிப்பில் இருக்கும், வாத்தியத்தைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது.

தவிலைப் பாருங்கள். பலா மரத்தில் குடைந்த உடல், இருபுறமும் தோல், சுற்றிலும் வளையங்கள். பேஸ் கிட்டாரைவிட நிச்சயம் கனமானது. கச்சேரி மேடையில் உட்கார்ந்து வாசிப்பார்கள். சுவாமி புறப்பாட்டில் அதே தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு நான்கு வீதியும் நடந்து வாசிக்க வேண்டும். வலது பக்கம் விரல்களில் கூடு, இடது கையில் கழி. இரண்டு கையும் நிறைந்துவிட்டது. மொத்த எடையும் தோளில் போகும் வாரை நம்பித்தான். அந்த வார் தவிலோடு சேர்த்தே கட்டப்பட்டிருக்கும். ஆணி மாதிரி எதிலாவது சும்மா மாட்டி வைத்து எந்தத் தவில்காரரும் தேருக்கு முன்னால் போக மாட்டார்.

பறையும் அப்படித்தான். சட்டத்தோடு சேர்ந்த வார் தோளில் விழும், பறை உடம்போடு ஒட்டி நிற்கும். இரண்டு குச்சிகளையும் பிடித்தபடி, அடவு போட்டு, குனிந்து நிமிர்ந்து, சுற்றிச் சுழன்று ஆடுவார்கள். ராக் இசைக்காரர்கள் குதிப்பதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே நம் பறைக்காரர்கள் குதித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

எங்கள் பக்கத்துக்கே உரியது என்று நான் பெருமையாகச் சொல்வது பம்பை. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்துக் கோயில் திருவிழாவுக்கு வந்தால் உடுக்கை, கைச்சிலம்போடு பம்பையும் கேட்கும். ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிய இரண்டு முழவுகள், அவை வாசிப்பவரின் இடுப்பில் கட்டப்பட்டிருக்கும். சாமி வந்தவர்கள் ஆடும்போது பம்பைக்காரரும் கூடவே முன்னும் பின்னும் போக வேண்டும். மணிக்கணக்கில் போகும். பம்பை கழன்று விழுந்து நான் பார்த்ததேயில்லை.

இவை எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது முடிச்சு. கட்டியதை அவிழ்க்க வேண்டும் என்று ஒருவர் நினைத்து, விரலை வைத்து, நேரம் எடுத்துச் செய்தால்தான் அவிழும். தானாகக் கழலாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேற்கே போவோம்.

முடிச்சிலிருந்து பொத்தானுக்கு

பேஸ் கிட்டாருக்கு இரண்டு முன்னோர்கள். ஒன்று கிட்டார், இன்னொன்று டபுள் பேஸ் என்ற பெரிய வயலின். இதில் டபுள் பேஸுக்கு வார் என்ற பிரச்சினையே இல்லை. ஏறக்குறைய ஆறடி உயரம். அடியில் ஒரு முளை இருக்கும், அதைத் தரையில் ஊன்றி, பக்கத்தில் நின்று அணைத்துப் பிடித்து வாசிப்பார்கள். எடை முழுவதும் தரைக்கு.

கிட்டாரோ பெரும்பாலும் உட்கார்ந்து மடியில் வைத்து வாசித்த கருவி. நின்று வாசிக்க விரும்பியவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். பழைய மர கிட்டார்களில் பல சமயம் ஒரே ஒரு பொத்தான்தான், அடிப்பக்கத்தில். வாரின் ஒரு முனையை அதில் மாட்டிவிட்டு, மறுமுனையை ஒரு கயிற்றால் கிட்டாரின் தலைப்பகுதியில் முடிச்சுப் போட்டுக் கட்டினார்கள். இன்றும் நாட்டுப்புறப் பாடகர்கள் சிலர் அப்படித்தான் கட்டுகிறார்கள். அதாவது அவர்களிடமும் பாதி முடிச்சு இருந்தது.

பிறகு மின்சாரம் வந்தது. 1930களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் பால் டட்மார்க் என்பவர் ஆடியோவாக்ஸ் என்ற பெயரில் ஒரு சிறிய மின்சார பேஸைச் செய்து விற்றார். கிட்டார் போலக் குறுக்காகப் பிடித்து வாசிக்கலாம். அது பெரிதாகப் பரவவில்லை. பரவியது லியோ ஃபெண்டர் செய்தது. அவர் கலிபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கிட்டார் வாசிக்கத் தெரியாதவர் என்பது கூடுதல் செய்தி. 1951இல் அவருடைய நிறுவனம் 'பிரிசிஷன் பேஸ்' என்ற கருவியைக் கொண்டுவந்தது. ஆறடி உருவத்தைக் காரில் ஏற்றி ஊர் ஊராய் அலைந்த பேஸ்காரர்களுக்கு இது பெரிய விடுதலை.

கழுத்து நீளமானது, உடல் கனமான மரம். தோளில் மாட்டினால் தலைப்பக்கம் சாயுமே? அதற்காக ஃபெண்டர் உடலின் மேல்பக்கத்தைக் கொம்பு போல முன்னால் நீட்டி, அந்தக் கொம்பின் நுனியில் ஒரு பொத்தானை வைத்தார். இன்னொன்று பின்பக்கம். எடை நடுவில் வந்து நின்றது. நம் விறலி இரண்டு பக்கமும் முழவைத் தொங்கவிட்ட அதே கணக்குதான்.

எல்லோருக்கும் உடனே நம்பிக்கை வந்துவிடவில்லை. 1953இல் கிப்ஸன் நிறுவனம் தன்னுடைய மின்சார பேஸை வெளியிட்டபோது, அதற்கு நீட்டி மடக்கும் ஒரு ஊன்றுமுளையும் கொடுத்தது. தோளில் மாட்ட வேண்டாமா, பழையபடி தரையில் ஊன்றிக்கொள்ளுங்கள் என்ற அர்த்தம். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு வந்த பிறகும் பாட்டி விறகடுப்பை இடிக்க விடவில்லை.

சமநிலையை ஃபெண்டர் தீர்த்தார். பிடிப்பை? அதற்கு மரத்தில் திருகிய ஒரு சின்னப் பொத்தான், தோல் வாரில் ஒரு கீறல். பொத்தானைக் கீறலுக்குள் நுழைத்தால் மாட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். முன்பு தலைப்பகுதியில் இருந்த அந்தப் பாதி முடிச்சும் போய்விட்டது. இரண்டு முனையும் வெறும் மாட்டல்.

பொத்தான் எப்போது ஏமாற்றும்?

இந்த ஏற்பாட்டை முட்டாள்தனம் என்று சொல்லிவிட முடியாது. அது வேலை செய்யும் ஒரு நிபந்தனை உண்டு. வார் எப்போதும் இழுவிசையில் இருக்க வேண்டும். எடை கீழே இழுக்கும்வரை வாரின் ஓட்டை பொத்தானின் கழுத்தில் இறுகி நிற்கும். நேராக நின்று அமைதியாக வாசிக்கிறவருக்குப் பல வருடம் ஒன்றும் ஆகாது. 1950களில் பெரும்பாலான இசைக்குழுக்கள் அப்படித்தான் கோட்டு சூட்டோடு வரிசையாக நின்றன.

இழுவிசை எப்போது போகும்? உட்காரும்போது, மடியில் வைக்கும்போது, சுவரில் சாய்க்கும்போது, குதித்து மேலே போகிற அந்தக் கணத்தில். அப்போது வார் தளர்ந்து, கொஞ்சம் முறுக்கிக்கொண்டால் ஓட்டை பொத்தானின் தலையைத் தாண்டி வந்துவிடும். அதோடு தோல் வார் பழசாக ஆக ஓட்டை விரியும். வியர்வை பட்டு மெதுவாகும். புதிதில் நுழைக்கவே கஷ்டப்பட்ட ஓட்டை, இரண்டு வருடத்தில் சட்டைப் பொத்தான் ஓட்டை போல ஆகிவிடும்.

எடையும் எல்லாவற்றிலும் ஒன்றில்லை. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் வாங்கிய ஹாஃப்னர் பேஸ், வயலின் வடிவம், உள்ளே வெற்றிடம், இரண்டு சொச்சம் கிலோதான். ஆனால் கட்டை மரத்தில் செய்யும் பேஸ்கள் சாதாரணமாக மூன்றரையிலிருந்து ஐந்து கிலோ வரை வரும். ஐந்து கிலோ அரிசி மூட்டையை ஒரு சட்டைப் பொத்தானில் தொங்கவிடுவது போல நினைத்துப் பாருங்கள்.

1960களின் நடுவிலிருந்து ராக் மேடை மாறியது. ஓடினார்கள், குதித்தார்கள், முதுகுப் பக்கம் சுழற்றினார்கள். 1970களில் ஒயர் இல்லாமல் ஒலியை அனுப்பும் கருவிகளும் மேடைக்கு வந்தன. அதுவரை கேபிள் ஒரு கயிறு போல அவர்களைக் கட்டி வைத்திருந்தது. அதுவும் போன பிறகு மேடையின் எந்த மூலைக்கும் போகலாம். பொத்தான் மட்டும் 1951இல் இருந்தபடியே இருந்தது.

பூட்டுகள் இந்தச் சூழ்நிலைக்குத்தான் விடை. ஜெர்மனியின் ஷாலர் நிறுவனத்துடையது ஒரு வகை: கிட்டாரில் குழிவான பொத்தான், வாரில் குதிரை லாடம் போன்ற ஒரு கவ்வி. கவ்வியைப் பொத்தானின் மேல் சறுக்கிவிட்டால், ஸ்பிரிங் வைத்த ஒரு முளை குழிக்குள் போய் உட்காரும். கழற்ற வேண்டுமென்றால் முளையை இழுக்க வேண்டும். அமெரிக்காவின் ஜிம் டன்லப் நிறுவனத்துடையது இன்னொரு வகை: வாரில் உள்ள தண்டு கிட்டாரில் உள்ள குழிக்குள் போகும், உள்ளே சின்னக் குண்டுகள் பூட்டிக்கொள்ளும். நடுவில் உள்ள பட்டனை அழுத்தினால்தான் வெளியே வரும். (டயர் டன்லப்புக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. நானும் முதலில் குழம்பினேன்.)

பணமில்லாதவர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். ஹாலந்து நாட்டின் க்ரோல்ஷ் என்ற பீர், கம்பி வைத்த மூடியோடு வரும். அந்த மூடியில் தடிமனான ரப்பர் வளையம் ஒன்று இருக்கும். வாரை மாட்டிய பிறகு அந்த வளையத்தைப் பொத்தானின் மேல் நுழைத்துவிட்டால், வாரின் ஓட்டை அதைத் தாண்டி வராது. உலகம் முழுக்க கிட்டார்காரர்களுக்கு இது தெரியும். பிறகு கிட்டார் நிறுவனங்களே இதே மாதிரி ரப்பர் வளையங்களை விற்க ஆரம்பித்தன.

முளையோ, குண்டோ, ரப்பரோ, வேலை ஒன்றுதான். நினைக்காமல் கழலக்கூடாது. தவில்காரர் முடிச்சில் செய்ததை இவர்கள் எஃகிலும் ரப்பரிலும் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

நம் ஊரில் நாற்காலி

அப்படியானால் நம் ஊரில் இந்தப் பேச்சு ஏன் முன்பே எழவில்லை? என் கணிப்பு, நம் பேஸ் கிட்டார் ரொம்பக் காலம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

தமிழ் சினிமாப் பாட்டில் பேஸ் கிட்டாரைத் தனியாகக் கவனிக்க வைத்தவர் இளையராஜா என்பதில் அதிகம் பேருக்குச் சந்தேகம் இருக்காது. 1976இல் அன்னக்கிளியோடு வந்தார். அடுத்த சில வருடங்களில் பேஸ் அவர் பாட்டில் இன்னொரு குரல் மாதிரி ஓட ஆரம்பித்தது. அவருக்காக வாசித்த சசிதரன், 1990களுக்குப் பிறகு ஏ.ஆர். ரஹ்மானுக்காக வாசித்த கீத் பீட்டர்ஸ் ஆகியோரின் பெயர்கள் பேஸ் வாசிக்கிற பையன்களுக்கு மனப்பாடம். ஆனால் இவர்கள் வேலை செய்த இடம் ஒலிப்பதிவுக் கூடம். எதிரே இசைக்குறிப்புத் தாள், காதில் ஹெட்ஃபோன், உட்கார நாற்காலி. அங்கே பேஸின் எடை தொடையில். வாருக்கு அவ்வளவு வேலை இல்லை.

மெல்லிசை மேடையும் கூடத்தின் நகல்தான். பழைய கச்சேரிப் படங்களைப் பார்த்தால் பாடகர் மட்டும் முன்னால் நிற்பார், பின்னால் வாத்தியக்காரர்கள் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பார்கள். திருவிழாவில் இரவு 10 மணிக்கு ஆரம்பித்து விடிய விடியப் போகும் கச்சேரியில் நிற்கவும் முடியாது. இப்போதோ ரசிகர்கள் மாறிவிட்டார்கள். பேஸ்காரரும் முன்னால் வர வேண்டும், ஆட வேண்டும், செல்போனில் பிடிக்கிறவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். எனவே அவர் பாதி நேரம் உட்கார்ந்தும் பாதி நேரம் எழுந்தும் வாசிக்கிறார்.

கவனியுங்கள், இதுதான் இருப்பதிலேயே ஆபத்தான முறை. எப்போதும் நிற்கிறவருக்கு வார் தளராது. எப்போதும் உட்கார்கிறவருக்கு வார் கழன்றாலும் கிட்டார் விழாது. உட்கார்ந்து எழுகிறவருக்குத்தான், கழன்றதும் தெரியாது, விழுவதும் நிச்சயம். "குதிக்கிறவனுக்குத்தான் பூட்டு" என்ற டிரம்ஸ்காரர் வாதம் இந்த இடத்தில் தோற்றுவிடுகிறது. என் அண்ணன் குதிக்கவில்லை. கும்பிட்டார்.

கணக்குப் பிள்ளையின் தீர்ப்பு

இனி என் பாடத்துக்கு வருகிறேன். கணக்குப் பதிவியலில் முன்னெச்சரிக்கைக் கொள்கை என்று ஒன்று உண்டு. வரப்போகும் லாபத்தை முன்கூட்டியே எழுதாதே, வரக்கூடிய நஷ்டத்துக்கு இப்போதே ஒதுக்கி வை என்பது அதன் சாரம். ஒரு சுமாரான பேஸ் கிட்டார் இன்று 10,000 ரூபாய்க்கு மேல்தான் ஆரம்பம். நல்ல நிறுவனத்துப் பூட்டு அதில் ஒரு சிறு பங்கு. ரப்பர் வாஷர் சில ரூபாய். எங்கள் நோட்டில் எழுதிய நஷ்டஈடோ 18,000. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம்.

யோசிக்க மூன்று விஷயம் இருக்கிறது. பூட்டு வாங்கிய சந்தோஷத்தில் இதை மறந்துவிடக்கூடாது.

முதலாவது, பூட்டும் கழலும். கவ்வியை வாரோடு பிடித்து வைத்திருப்பது ஒரு நட்டு. ஆட்டத்தில் அது மெல்ல மெல்லத் தளரும். ஷாலர் வகையில் இது எல்லோரும் சொல்லும் குறை. பின்னர் வந்த மாடலில் அந்த நட்டையும் இறுக்க ஒரு சின்னத் திருகாணி வைத்தார்கள். எதுவாக இருந்தாலும் கச்சேரிக்கு முன்னால் விரலால் ஒரு முறை திருகிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, பூட்டு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அது நிற்பது மரத்தில் இறங்கிய ஒரு திருகாணியில். ஓட்டை தேய்ந்திருந்தால் பூட்டோடு சேர்ந்து ஆணியும் பிடுங்கிக்கொண்டு வரும். இதற்குத் தச்சர்கள் செய்யும் வைத்தியமே போதும்: ஓட்டையில் மரப்பசை தடவிய குச்சிகளைச் செருகி, காய்ந்த பிறகு மறுபடி ஆணியை இறக்குவது.

மூன்றாவதுதான் எங்களைப் போன்ற குழுக்களுக்கு முக்கியம். பூட்டு என்பது ஜோடி. பாதி வாரில், பாதி கிட்டாரில். இரவல் கிட்டாரில் நாம் ஆணியைக் கழற்றி நம் பூட்டைப் போட முடியாது. பூட்டு மாட்டிய நம் வாரை அடுத்தவர் கிட்டாரின் சாதாரணப் பொத்தானில் மாட்டவும் முடியாது. அன்றைக்கு அண்ணனிடம் விலை உயர்ந்த பூட்டு இருந்திருந்தாலும், அது ரிப்பேர் கடையில் அவருடைய சொந்தக் கிட்டாரில் பத்திரமாக இருந்திருக்கும். அன்று அவரைக் காப்பாற்றியிருக்கக்கூடியது பைப் ஃபிட்டிங் கடையில் கிடைக்கும் இரண்டு ரப்பர் வாஷர்கள்.

ஆகவே என் தீர்ப்பு இப்படி. சொந்தக் கிட்டாரில், எழுந்து ஆடி வாசிக்கிறவர் பூட்டுப் போடட்டும், நட்டையும் ஆணியையும் பார்க்கட்டும். இரவலிலும் வாடகையிலும் வாசிக்கிறவர் சட்டைப் பையில் வாஷர் வைத்திருக்கட்டும். கூடத்தில் உட்கார்ந்தே வாசிக்கிறவருக்கு எதுவும் வேண்டாம். எந்தக் கம்பெனிப் பூட்டு என்பது ரெண்டாம்பட்சம். வாசிக்கிறவர் நினைக்காமல் அது கழலுமா என்பதுதான் ஒரே கேள்வி.

கடைசியாக ஒன்று

ஆறு தவணையும் கட்டி முடித்த பிறகு, அதே ஊர்க்காரர்கள் அடுத்த வருடமும் எங்களையே கூப்பிட்டார்கள். அண்ணன் இந்த முறை சொந்தக் கிட்டாரோடு வந்தார், பூட்டுப் போட்டு. கச்சேரிக்கு முன்னால் கோயில் திண்ணையில் உட்கார்ந்து அதைத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பம்பைக்காரப் பெரியவர் ஒருவர் இடுப்புக் கட்டை அவிழ்த்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்கண்ணு, அது என்னா கொக்கி?" என்றார்.

அண்ணன் விளக்கினார். முளையை இழுத்துக் காட்டினார், மாட்டிக் காட்டினார். போன வருடம் நடந்ததையும் சொன்னார்.

பெரியவர் கிட்டாரை வாங்கி, வாரைப் பிடித்து இரண்டு தடவை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். கழலவில்லை. திருப்பிக் கொடுத்தார்.

"இதைப் போன வருசமே கட்டியிருக்கலாமில்ல?" என்றார்.

அவர் 'பூட்டு' என்று சொல்லவில்லை, 'கட்டு' என்றுதான் சொன்னார். நான் நூலகத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து கண்டுபிடித்ததை அவர் ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார்.

அன்றிரவும் பொன்னாடை வந்தது. அண்ணன் எழுந்தார். கும்பிடுவதற்கு முன் வலது கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பொத்தானை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். பூட்டு இருந்தும்.

உங்கள் ஊரில் தவிலோ, உறுமியோ, பம்பையோ எப்படிக் கட்டுகிறார்கள், அந்தக் கட்டுக்கு என்ன பெயர் சொல்கிறார்கள் என்று தெரிந்தால் எழுதுங்கள். தெரிந்துகொள்ள ஆசை. அடுத்த முறை வேறொரு விஷயத்தோடு வருகிறேன். செமஸ்டர் தேர்வு விட்டால் :)